கீழ் ரோட்டில் யாரும் வருவதில்லை

ஜூன் 6

காலேஜை ஏன் விட்டேன் என்றால், ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. அவ்வளவுதான். இரண்டாம் வருஷம் பாதியில் ஹாஸ்டல் அறையைக் காலி செய்துவிட்டு வால்பாறைக்கே திரும்பி வந்துவிட்டேன். வேறு கதை இல்லை. அரசி மேடமிடம் இதைத்தான் சொன்னேன். வேலைக்கு எடுக்கும்போது அவர் கேட்ட ஒரே கேள்வி அது. பதிலைக் கேட்டதும் ஜன்னல் பக்கம் திரும்பி வாந்தி எடுத்தார். என் பதிலால் இல்லை. கோயம்புத்தூரிலிருந்து பஸ்ஸில் ஏறி அப்போதுதான் இறங்கியிருந்தார். மலை வளைவு அவருக்கு ஒத்துக்கொள்ளாது. வாயைக் கொப்பளித்துவிட்டு, "நல்லது, உக்காராத ஆள்தான் எனக்கு வேணும்" என்றார்.

வேலை இதுதான். கருங்கல்மட்டம் எஸ்டேட்டில், தொழிலாளிகளின் லைன் வீடுகளுக்கு மேலே இருக்கிற சரிவு முழுக்க மேடம் சாம்பல் நிற டப்பாக்களைப் புதைத்து வைத்திருக்கிறார். மண் எவ்வளவு நனைந்திருக்கிறது, எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று அவை பார்த்துக்கொண்டே இருக்கும். சரிவு இறங்கப் போகிறது என்றால் முன்னாலேயே தெரிய வேண்டும் என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. சரிவில் போன் எடுக்காது. ஒரு டப்பா பேசுவது பக்கத்து டப்பாவுக்குத்தான் கேட்கும். அதனால் யாராவது அந்தப் பேச்சை வாங்குகிற ரிசீவரை எடுத்துக்கொண்டு சரிவைச் சுற்றிவர வேண்டும். நான் ஏற்கெனவே காலையும் மாலையும் பைக்கில் பேக்கரி பன்னோடு அந்த எஸ்டேட்டைச் சுற்றுகிறவன். பன் பெட்டிக்கு மேல் ரிசீவர் ஏறிக்கொண்டது.

நான் எங்கே போகிறேன் என்று காட்டும் கருவியையும் மாட்டலாமா என்று கேட்டார். என்னை உளவு பார்க்கிற மாதிரி இருக்கும், வேண்டாம் என்றேன். சரி என்று உடனே விட்டுவிட்டார்.

ஜூன் 7

முதல் ரவுண்ட். மேல் ரோடு, ஏழாம் வளைவு, ஃபேக்டரி, திரும்ப டவுன். டேட்டா வந்தது. மழை.

ஜூன் 12

எஸ்டேட்டின் பழைய டிஸ்பென்சரிதான் மேடமுக்கு வீடும் ஆபீசும். ரிசீவரைக் கொடுக்கப் போனபோது, மனதில் இருந்ததைக் கேட்டேவிட்டேன். சரிவுக்கு நடுவில் ஒரு கம்பத்தை நட்டு அதில் ரிசீவரை மாட்டினால் என்ன, என்னை எதற்கு நனைய விடுகிறீர்கள் என்று.

அவர் கோபப்படவில்லை. நார்த்தங்காய்த் துண்டு ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு விளக்கினார். கம்பம் ஒரே இடத்தில் நின்றால் எல்லா டப்பாவின் பேச்சும் கம்பத்துக்குப் பக்கத்தில் இருக்கிற நாலைந்து டப்பா வழியாகத்தான் போயாக வேண்டும். ஊர்ச் சுமையெல்லாம் தூக்கி அந்த நாலைந்தும் முதலில் பேட்டரி செத்துப்போகும். மழைக்காலத்தில் வெயில் கிடையாது, சார்ஜ் ஏறாது. அவை செத்தால் தூரத்து டப்பாக்கள் உயிரோடு இருந்தும் பிரயோஜனமில்லை, கத்தினாலும் யாருக்கும் கேட்காது. வாங்குகிறவன் நகர்ந்துகொண்டே இருந்தால் இன்றைக்கு இவன் தலையில், நாளைக்கு அவன் தலையில் என்று சுமை பிரிந்துவிடும்.

சரி, நான் எங்கே இருக்கிறேன் என்று அவற்றுக்கு எப்படித் தெரியும்?

அங்கேதான் இந்த அம்மாவின் மூளை. நான் போகும் இடத்தையெல்லாம் எல்லா டப்பாவுக்கும் சொல்லிக்கொண்டே இருந்தால் அந்தப் பேச்சிலேயே பேட்டரி தீரும். அதனால் சொல்வதில்லை. நான் யார் பக்கத்தில், எந்த நேரத்தில் கடந்து போனேன் என்பதை அந்தந்த டப்பா நினைவில் வைத்துக்கொள்ளும். அக்கம்பக்கத்தில் மட்டும் சொல்லும். இரண்டு நாளில், இந்த வேளைக்கு இவன் இங்கே வருவான் என்று தெரிந்துகொண்டு, நான் வருமுன்பே டேட்டாவை ரோட்டோரத்துக்குக் கைமாற்றி வைத்துவிடும். நான் வராவிட்டால் காத்திருக்கும். தொடர்ந்து வராவிட்டால் வேறு வழி பார்க்கும்.

"உன்னைப் படிக்குதுப்பா அது" என்றார்.

காலேஜில் ஒன்றரை வருஷம் நெட்வொர்க் படம் வரைந்தேன். நோட்டில் போட்ட ஒரு அம்புக்குறிகூட எனக்காக அசைந்ததில்லை.

ஜூன் 15

நம்பாமல் ஒரு வேலை செய்தேன். நேற்றும் இன்றும் சுற்றைத் தலைகீழாகப் போனேன். நேற்று மேடமின் திரையில் பாதி டப்பாக்கள் திணறின. நான் போய்விட்ட இடத்துக்கு டேட்டாவை அனுப்பிவிட்டு ஏமாந்து நின்றன. இன்று மாலை ரவுண்டில் எல்லாம் சரியான இடத்தில் காத்துக்கொண்டிருந்தன. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்னைக் கேட்காமல், என்னைத் திட்டாமல், நான் மாறியதும் தானும் மாறிக்கொள்கிற ஒன்றை இதுவரை பார்த்ததில்லை.

மேடமிடம் சொன்னேன். அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. "திருப்பி ஓட்டிப் பாக்க ஒரு வாரம் ஆகும்னு நெனச்சேன். சீக்கிரமே பண்ணிட்ட" என்றார். இனிமேல் மேடம் வேண்டாம், அக்கா என்று கூப்பிடு என்றும் சொன்னார். வாய் வரவில்லை.

ஜூன் 20

மேல் ரோடு முக்கில் உம்மர் காக்காவின் டீக்கடை. பன் பாக்கெட்டை எண்ணி வைத்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"ஜெசிந்தா வந்திருந்தா. குழந்தைக்கு இருமல், மருந்து வாங்கப் போனா. உன்னெ விசாரிச்சா."

சரி என்றேன்.

"இப்பவும் கீழ் ரோட்டுக்குப் போறதில்லயா நீ?"

"ரோடு சரியில்ல காக்கா."

"புது ரோடு போட்டு வருஷம் ஒண்ணாச்சு, எபி."

டீ கொஞ்சம் ஆறியிருந்தது. பாதியில் வைத்துவிட்டு வந்தேன்.

ஜெசிந்தா என் மைனி. அண்ணன் தானியேலின் மனைவி. கீழ் லைனில் குழந்தையோடு இருக்கிறாள், கொழுந்து பறிக்கிறாள். இரண்டு மழைக்காலத்துக்கு முன்னால் அண்ணன் கீழ் ரோட்டில் போய்க்கொண்டிருந்தபோது மேலிருந்து மண் வந்தது. இது எஸ்டேட்டில் எல்லாருக்கும் தெரியும். எழுத ஒன்றும் இல்லை.

ஏழாம் வளைவிலிருந்து தேயிலைக்கு நடுவே ஒரு குறுக்குப் பாதை நேரே ஃபேக்டரிக்குப் போகிறது. பைக் தாராளமாகப் போகும். கீழ் லைன் கடைக்கான பன்னை ஃபேக்டரி கேட்டில் வைத்துவிட்டால் அவர்களே வந்து எடுத்துக்கொள்கிறார்கள். யாருக்கும் நஷ்டமில்லை. டேட்டாவும் குறையாமல் வருகிறது.

ஜூன் 28

அட்டை கடித்து சாக்ஸ் முழுக்க ரத்தம். செயின் ஸ்ப்ராக்கெட் மாற்றினேன். டேட்டா முழுசாக வந்தது.

ஜூலை 14

மேடமின் திரையில் சரிவின் படம் இருக்கும். எந்த டப்பா எந்த டப்பாவுக்குப் பேசுகிறது என்பது கோடாகத் தெரியும். பேச்சு அதிகமானால் கோடு தடிமனாகும். இன்று அதைச் சுவரில் பெரிதாக ஒட்டிவைத்து வெறித்துக்கொண்டிருந்தார்.

மேற்குச் சரிவு, அதாவது கீழ் லைனுக்கு நேர் மேலே இருக்கிற பக்கம், அங்கிருக்கிற டப்பாக்கள் கீழ் ரோட்டுப் பக்கம் பேசவே இல்லை. எல்லாம் முதுகைத் திருப்பிக்கொண்டு மேட்டில் ஏறி, உச்சியில் இருக்கிற சில டப்பா வழியாக அந்தப் பக்கம் இறங்கி, குறுக்குப் பாதை ஓரத்துக்கு வந்து சேர்கின்றன. உச்சியில் கோடு கயிறு மாதிரி தடித்திருந்தது.

"ரோடு காலடியில இருக்கு. எதுக்கு இதுங்க மலையேறுது?" என்று என்னைத்தான் கேட்டார்.

எனக்கு என்ன தெரியும் என்றேன்.

ஜூலை 16

மேடம் சாப்பிடவில்லை. தன் புரோகிராமில் எங்கேயோ கோளாறு என்று வரிவரியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அருப்புக்கோட்டையிலிருந்து அவருடைய அம்மா போன் செய்தபோது, "தப்பு பண்ணிட்டேம்மா, எங்கன்னு தெரியல" என்றார். நான் ரிசீவரைத் துடைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். பன் ஒன்று கொடுத்தேன். வாங்கி மேசையில் வைத்தார்.

ஜூலை 17

பன் அப்படியே இருந்தது.

ஜூலை 19

இன்று மேடம் என் பைக்கில் பின்னால் ஏறினார். வாந்தி வரும் என்று தெரிந்தே ஏறினார். மேல் ரோட்டில் இரண்டு இடத்தில் நிறுத்தினேன். ஏழாம் வளைவில் மூன்றாவது தடவையாக நின்றேன். அங்கே அவர் நிறுத்தச் சொல்லவில்லை.

வலது கை பக்கம் கீழ் ரோடு. இடது கை பக்கம் குறுக்குப் பாதை. இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது.

"நீ எப்பவும் எப்படிப் போவியோ அப்படியே போ" என்றார் பின்னாலிருந்து.

இடது பக்கம் திருப்பினேன்.

ஃபேக்டரி கேட்டில் இறங்கி, வாந்தி எடுத்து, முகம் கழுவி, படியில் உட்கார்ந்தார். திட்டுவார் என்று தயாராக இருந்தேன். திட்டினால் பரவாயில்லை.

"என் புரோகிராம்ல ஒரு தப்பும் இல்ல எபி. அதான் பிரச்சன" என்றார். "சுமாரா எழுதியிருந்தா மொத நாளே அந்தப் பக்கத்து டேட்டா விட்டுப்போயிருக்கும், உன்னைப் புடிச்சிருப்பேன். இதுங்க உனக்காக மலையேறிப் போயி, ஒண்ணுகூட விடாம கொண்டாந்து குடுத்துருக்கு."

உச்சியில் இருக்கிற டப்பாக்களின் பேட்டரி கடைசியில் நிற்கிறது என்றும் சொன்னார். அவை போனால் மேற்குச் சரிவு ஊமை. ஏன் அந்த ரோட்டில் போகவில்லை என்று மட்டும் கேட்கவில்லை. காக்கா சொல்லியிருப்பார்.

நாளையிலிருந்து கீழ் ரோட்டில்தான் போவேன் என்றேன். நானாகத்தான் சொன்னேன்.

ஜூலை 20

போகவில்லை.

ஜூலை 22

நேற்று எழுத நேரமில்லை. ஸ்கூல் வராண்டாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். சுற்றிலும் பாய், பாத்திரம், கோழி.

நேற்றுக் காலையில் மழை ஊற்றியது. பத்து மணிக்கு ரவுண்ட் முடித்து வந்தபோது உச்சி டப்பாக்கள் எல்லாம் அணைந்திருந்தன. மேற்குச் சரிவிலிருந்து ஒரு சொல் வரவில்லை. மேடம் எஸ்டேட் மேனேஜரைக் கூப்பிட்டு கீழ் லைன் ஆட்களை ஸ்கூலுக்கு மாற்றச் சொன்னார். அவர் கேட்கவில்லை. போன வருஷம் ஒரு தடவை இப்படி மாற்றி, ஒன்றும் நடக்காமல், வேலை கெட்டதென்று மேலிடத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டாராம். நம்பர் காட்டுங்கள், மாற்றுகிறேன் என்றார். நம்பர் சரிவில் இருக்கிறது. டப்பாக்கள் உயிரோடுதான் இருக்கின்றன, அளந்துகொண்டுதான் இருக்கின்றன. சொல்ல வழியில்லை.

மேடம் ரிசீவரை ரெயின்கோட்டுக்குள் கட்டிக்கொண்டு கீழ் ரோட்டில் நடந்தே போனார். பைக்கை எடு என்று என்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். ரொம்ப நேரம் கழித்துத் திரும்பி வந்தார், கழுத்தில் அட்டை. ரிசீவர் காலி.

டப்பாக்கள் அவரைக் கண்டுகொள்ளவில்லை. இத்தனை வாரமாக அவை கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: கீழ் ரோட்டில் யாரும் வருவதில்லை. பேட்டரியை மிச்சம் பிடிக்க, அந்தப் பக்கம் காது கொடுப்பதையே நிறுத்திவிட்டன. எப்போதாவது ஒரு நொடி எட்டிப் பார்க்கும். அந்த நொடியில் ரிசீவர் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒரு தடவை பார்த்தால் போதாது, திரும்பத் திரும்பப் பார்த்தால்தான் நம்பும். பழையதை மறந்துவிடு என்று இங்கிருந்து சொல்லலாமே என்றேன். அந்தக் கட்டளையும் உச்சி வழியாகத்தான் போக வேண்டுமாம்.

"மறுபடி போய்ப் பாக்கறேன்" என்று செருப்பு வாரை இழுத்துக்கொண்டிருந்தார். அந்த நடையில் நாலு தடவை போய்வந்தால் சாயங்காலம் ஆகிவிடும்.

ரிசீவரை அவர் கையிலிருந்து வாங்கினேன். "குடுங்கக்கா" என்று சொன்னதாக அவர் சொல்கிறார். எனக்கு நினைவில்லை.

முதல் தடவை போனபோது முன் சக்கரத்தை மட்டும் பார்த்தேன். ரோடு நன்றாகத்தான் இருந்தது. இரண்டாவது தடவை தடுப்புச்சுவரைப் பார்த்தேன். புதுச் சுவர், அதற்குள் பாசி பிடித்திருந்தது. யாரோ சுண்ணாம்பில் ஒரு சிலுவை போட்டிருந்தார்கள், மழையில் அழியாமல் இருக்க மேலே ஓடு ஒன்று சொருகியிருந்தார்கள். யாரோ என்ன யாரோ. மைனிதான். ரிசீவர் காலி.

மூன்றாவது தடவை லைன் வீட்டு வாசலிலிருந்து ஒரு குழந்தை கையாட்டியது. நான் கடைசியாகப் பார்த்தபோது கைக்குழந்தை, பெயர் ரோஸ்லின். இப்போது ஓடியாடுகிற வயசு. ரிசீவர் காலி.

நாலாவது தடவை திரும்பி வருகையில் ரிசீவரில் பச்சை விளக்கு ஒரு தடவை மினுங்கியது. முப்பத்தொன்றாம் நம்பர் டப்பா. லைனுக்கு நேர் மேலே இருப்பது. அது என்னைப் பார்த்துவிட்டது. அந்த மழையில் கத்தினேன் என்று நினைக்கிறேன்.

வண்டியைத் திருப்பினால், ரோட்டுக்கு நடுவே குடையோடு மைனி.

"யாரத் தேடுத, இப்பிடி மேலயும் கீழயும்?"

நான் ரிசீவரைக் காட்டினேன். டப்பா, டேட்டா, பேட்டரி என்று ஏதோ உளறினேன்.

"ரெண்டு வருசமா அந்தாலயே சுத்திப் போயிட்டிருந்த. இன்னைக்கு வழி தெரிஞ்சிட்டோ?"

"தெரிஞ்சிட்டு மைனி."

"அப்பம் நின்னு காப்பி குடிச்சிட்டுப் போலாம்லா?"

நிற்க முடியாது என்றேன். நின்றால் டப்பாக்கள் நம்பாது, ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். முக்கியமான துணிமணியைக் கட்டி வைத்துக்கொள்ளச் சொன்னேன். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. குடையை மடக்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். அந்த ரோட்டில் ஏன் என்று கேட்க வேண்டிய ஆள் அவள் இல்லை.

அடுத்த தடவை போகும்போது மொத்தமாகக் கொட்டியது. முப்பத்தொன்று தன் அக்கம்பக்கத்துக்கெல்லாம் சொல்லிவிட்டிருந்தது. சேர்த்துவைத்த அத்தனையையும், காலையிலிருந்து யாரும் கேட்காமல் அளந்துகொண்டே இருந்ததையெல்லாம், ரோட்டோரத்துக்குக் கொண்டுவந்து குவித்துவிட்டன. ரிசீவரில் விளக்கு அணையவே இல்லை.

லைனுக்கு மேலே மூன்று டப்பாக்கள் சாய்ந்துகொண்டே போயிருந்தன. அக்கா அதை மேனேஜரின் மேசையில் விரித்தார். இது சரியும் என்று உறுதியாகச் சொல்வீர்களா என்று அவர் கேட்டார்.

"சரியும்னு நான் சொல்லல சார். நகந்துக்கிட்டிருக்குன்னு சொல்றேன். இன்னைக்கு ராத்திரி உங்க பிள்ளைங்கள அங்க படுக்க வப்பீங்களா?"

அவர் டிராக்டரை அனுப்பினார். இருட்டுவதற்குள் கீழ் லைன் முழுவதும் ஸ்கூலுக்கு வந்துவிட்டது. நான் கடைசி ரவுண்ட் போய்வந்தபோது மைனி காப்பியை ஒரு சொம்பில் ஊற்றி, தட்டு போட்டு மூடி வைத்திருந்தாள்.

ஜூலை 23

இன்று காலை வந்தது. எல்லாரும் ஸ்கூலில் உப்புமா சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். சத்தம் லாரியில் ஜல்லி கொட்டுவது போல ஆரம்பித்து, நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. சாப்பாட்டுக் கை அப்படியே நின்றது. யாரும் எழுந்திருக்கவில்லை. பிறகு எல்லாரும் எழுந்தார்கள்.

லைனின் ஓரத்தில் நாலு வீடு இல்லை. மூன்றாவது மைனியுடையது. உள்ளே யாரும் இல்லை. ஒரு கோழிகூட இல்லை.

அரிசிதான் போய்விட்டது, இந்த வாரந்தான் ரேஷனில் வாங்கினது என்று மைனி சொல்லிக்கொண்டே இருந்தாள். அண்ணன் படத்தை எடுத்து வந்தாளா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அவளே பையைத் திறந்து காட்டினாள். காட்டிவிட்டு, என் தலையில் துண்டைப் போட்டுத் துவட்டினாள். நன்றாக அழுத்தித் துவட்டினாள், வலித்தது.

முப்பத்தொன்று மண்ணோடு இறங்கிவிட்டது. எங்கேயோ தலைகீழாகப் புதைந்து கிடக்கிறது. நான் ரவுண்ட் போய்வந்ததும் அக்கா திரையைக் காட்டினார். சாய்வு நூற்றி எழுபது டிகிரிக்கு மேல். அந்த நிலைமையிலும் அளந்து, பக்கத்து டப்பாவிடம் சொல்லிக்கொண்டிருக்கிறது. அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கு வாந்தி வரும்போதுகூட முகம் இப்படிப் போனதில்லை. இப்படி ஒன்றைச் செய்து மண்ணில் வைக்க ஒரு மனுஷிக்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 24

கீழ் ரோடு நடுவில் மூடிக்கிடக்கிறது. மழை விட்டபாடில்லை. மிச்சம் இருக்கிற வீடுகளுக்குப் போகலாமா, மாட்டை அவிழ்த்து வரலாமா என்று காலையிலிருந்து ஆள் மாற்றி ஆள் என்னிடம் வந்து கேட்கிறார்கள். நேற்றுவரை நான் பன்காரன். மேனேஜரும் கேட்டார். டப்பாக்களைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும் என்றேன்.

மண் விழுந்த இடத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற டப்பாக்கள் நான் ஏழாம் வளைவிலிருந்து வருவேன் என்று காத்திருக்கும். அந்த வழி இனி இல்லை. ஃபேக்டரிப் பக்கமிருந்து போய், தடுப்புச்சுவர்வரைக்கும் ஓட்டி, திரும்பி, மறுபடி ஓட்டி, இந்தப் பக்கமாகத்தான் வருவேன் என்று முதலிலிருந்து பழக்க வேண்டும். நாலு தடவையோ பத்து தடவையோ. அக்கா ரிசீவருக்குப் புது பேட்டரி போட்டுவிட்டார். மைனி ரோஸ்லினை இடுப்பில் வைத்துக்கொண்டு வண்டிப் பக்கத்திலேயே நிற்கிறாள், மாட்டுக்காரர்களை ஸ்கூல் கேட்டைத் தாண்ட விடாமல் அதட்டிக்கொண்டு. நான் வந்து சொல்கிறவரைக்கும் ஒருவரையும் விடமாட்டாளாம். ரொம்ப நேரம் பிடித்து வைக்க அவளாலும் முடியாது. நான் போக வேண்டும்.